அமெரிக்கக் கிணறும் டூங்கபிக் கடிதமும்

சிட்னியில் இறங்கிய முதல் இரண்டு நாட்களும் எனக்கு நித்திரை எது, விழிப்பு எது என்று பிடிபடவில்லை. கெல்லிவில்லில் தம்பி வீட்டு மாடியறையில் கண்ணைத் திறந்தால் ஜன்னல் முழுக்க வெயில் நிற்கும். உடம்பு இன்னும் யாழ்ப்பாணத்து நேரத்தில் போர்வைக்குள் கிடக்கும். கீழே தம்பியின் மனைவி, என் மச்சாள், புட்டு அவிக்கும் வாசம் வரும். ஊரில்தான் இருக்கிறேன் என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தால், இலையே இல்லாத மரம் ஒன்று ஊதாப் பூவாகச் சொரிந்துகொண்டு நிற்கும். தெருவில் ஒரு மனிதர் இருக்கமாட்டார். இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டிவிட்டு இந்தச் சனமெல்லாம் எங்கே போனது என்று தம்பியிடம் கேட்டேன். வீட்டுக் கடன் கட்ட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றான்.

மாலையில் அவன் என்னை ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏற்றினான். முன் கண்ணாடியோடு ஒட்டிய இருக்கையில் இருந்தோம். சுரங்கத்துக்குள் விளக்குகள் எங்களை நோக்கி நீந்தி வந்தன. ஒருவரும் ஓட்டாத வண்டி, ஒருவரும் பேசாத பயணிகள். நான் கனவுதான் காண்கிறேன் என்று முடிவு செய்து நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் நான் சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் போகவில்லை. ஊர் வாசிகசாலை என் தலையில் ஒரு வேலையைக் கட்டி அனுப்பியிருந்தது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கம். இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க மிஷனரிமார் வந்து தங்கிய பழைய வளவு ஒன்று அங்கே இருக்கிறது. பங்களா இடிந்துவிட்டது, கிணறு இருக்கிறது. அதற்கு அமெரிக்கக் கிணறு என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் நல்ல தண்ணீர் அதில்தான். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய், அந்தப் பங்களாவில் பிறந்தவர் என்றும், அவர் வாயில் பட்ட முதல் தண்ணீர் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் என்றும் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எந்த ஜனாதிபதி என்பதில் மட்டும் இரண்டு கட்சி உண்டு. சலூன் கடையில் ஒருவருடைய படம் தொங்குகிறது, தேத்தண்ணிக் கடையில் வேறொருவருடைய படம். பூட்டி வெள்ளைக்காரியே இல்லை, எங்கள் பெண்தான் என்று சொல்லும் மூன்றாவது கட்சியும் பிற்காலத்தில் முளைத்தது. அந்தக் கட்சி சொல்வதை வைத்துப் பார்த்தால் அமெரிக்க ஜனாதிபதி எனக்குத் தூரத்து ஒன்றுவிட்ட தம்பி முறை.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு கடிதம். நான் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அந்த ஜனாதிபதியின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அமெரிக்காவிலிருந்து எழுதியது. "இந்தத் தண்ணீரை யாருக்கும் மறுக்கவேண்டாம். மறுப்பவர்களின் பெயரை எனக்கு உடனே அறிவிக்கவும்" என்று அதில் இருப்பதாகச் சொல்வார்கள். அதன் கடைசி வசனத்தை எங்கள் ஊரில் நாடகத்தில்கூடச் சேர்த்திருக்கிறார்கள்.

வாசிகசாலைச் செயலாளர் சிவபாலன் அந்தக் கிணற்றை நினைவுச் சின்னமாக்கத் திட்டம் போட்டிருந்தார். சுற்றிவரக் கம்பி வேலி, கேற், பூட்டு, மூன்று மொழியில் கல்வெட்டு. உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்றார். கூட்டத்தில் நானும் கை தட்டினேன். கல்வெட்டுக்குக் கடிதத்தின் படம் வேண்டியிருந்தது. கடிதமோ வளவுக் காவல்காரரின் மகள் ஞானத்திடம் இருந்தது. ஞானம் சிட்னியில், டூங்கபி என்ற இடத்தில் இருந்தார். நான் சிட்னிக்குப் போகிறேன் என்றதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் தனியாகவே ரயிலேறினேன். முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் கடிதங்களைத் திசை பிரித்தவளுக்கு ஒரு ஸ்டேஷனைக் கண்டுபிடிப்பதா கஷ்டம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனேன். பார்ராமாட்டாவில் வண்டி மாறும்போது எதிர்ப்பக்கம் போகிறதில் ஏறினேன். ஜன்னலில் வெயில், ஆட்டம், பக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் புரியாத மொழியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கண் சொருகிவிட்டது. திடுக்கிட்டு எழும்பி, வண்டி நின்ற இடத்தில் இறங்கிவிட்டேன். லிட்கம் என்று பலகை சொன்னது.

மேடையில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்த கொரியப் பெண்மணி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடதாசிப் பையை நீட்டினார். உள்ளே சூடான சின்னப் பணியாரங்கள். கடித்தால் இனித்த சிவப்புப் பயறு. எங்கள் பயற்றம் பணியாரத்தின் உறவுக்காரி வெளிநாட்டில் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கொரியன் தெரியாது, இரண்டு பேரும் நாலு நாலு தின்றோம்.

ஞானத்துக்கு போன் எடுத்து, லிட்கம்மில் நிற்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் படியால் ஏறி எந்தப் படியால் இறங்குவது, எந்த மேடை, வண்டியில் நடுப்பெட்டியில் ஏறினால் டூங்கபியில் வாசலுக்கு நேரே இறங்கலாம் என்றெல்லாம் கண் முன்னால் பார்ப்பதுபோலச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அவர் லிட்கம் ஸ்டேஷனில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். வண்டி வருகிறது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்ன குரல் அவருடையது.

டூங்கபியில் இறங்கினால் கறிவேப்பிலை மணந்தது. கடைப்பலகையில் தமிழ். வாசலில் நின்றவர் எழுபத்துமூன்று வயதுக்கு நெட்டையாக, முதுகு வளையாமல் நின்றார். வெட்டிய நரைத்தலை, காலில் ஓட்டச் சப்பாத்து. நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். ஊரில் எங்கள் வீட்டில் அவருடைய அம்மாவை வயது பாராமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அந்த அம்மாவும் எங்கள் வளவுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். நான் "ஞானமக்கா" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "வாரும் தங்கச்சி" என்றார்.

குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார். தேத்தண்ணியும் மீன் பணிஸும் வந்தன. கணவர் இறந்து ஆறு வருடம், மகள் கன்பராவில். ஊருக்கு முப்பத்தெட்டு வருடமாகப் போகவில்லை. நான் கல்வெட்டைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கோப்பையைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். கடிதம் இல்லை, கறையான் அரித்துவிட்டது என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. என்னை ஸ்டேஷன்வரை கூட்டிக்கொண்டு வந்தவர், வண்டி வரும்போதுதான் கேட்டார்: "வேலி போட்டால் தண்ணி அள்ளுற ஆக்கள் என்ன செய்யிறது?"

குழாய் வந்துவிட்டதே என்றேன். குழாயில் தண்ணீர் வருவது கிழமையில் இரண்டு நாள் என்பது எனக்குத் தெரியும். கதவு மூடியது.

அடுத்த நாள் தம்பி என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனான். ஊர்க்கடல் மரகதம் மாதிரி அசையாமல் கிடக்கும், இது எழும்பி எழும்பி விழுந்தது. மணலில் படுத்திருந்த சனம் எல்லாம் வெயிலில் காயப்போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அந்தக் கேள்விதான் அலையோடு வந்து வந்து போனது.

ஐந்தாம் நாள் காலை ஞானமக்காவே போன் எடுத்தார். வரச்சொன்னார். இந்த முறை சரியான வண்டியில் ஏறினேன்.

மேசையில் ஒரு விசுக்கோத்து டின். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் கடிதம். கறையான் ஒரு மூலையையும் தொடவில்லை. ஆங்கிலத்தில், நீல மையில், ஒரே பக்கம். நான் இரண்டு முறை வாசித்தேன். பூட்டி இருந்தார், கிணறு இருந்தது, யாருக்கும் மறுக்கவேண்டாம் என்ற வரியும் இருந்தது. மறுப்பவர்களின் பெயரை அறிவிக்கச் சொல்லும் வசனம் மட்டும் இல்லை. மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன், வெறுமை.

"அந்த வசனம் எங்கை, அக்கா?"

"அது நான் எழுதேல்லை" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மிச்சத்தையெல்லாம் யார் எழுதினார் என்று அந்தப் பதிலிலேயே இருந்தது.

பிறகு அவர் நிறுத்தாமல் சொன்னார். மிஷன்காரர் போன பிறகும் அந்தக் கிணற்றில் அள்ளியவர்கள் அவருடைய ஆட்கள், பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஊரில் வேறெந்தக் கிணற்றிலும் அவர்கள் கை வைக்க முடியாது. குடத்தோடு தூரத்தில் நின்றால் யாராவது மனம் இரங்கி ஊற்றுவார்கள், ஊற்றாமலும் போவார்கள். ஒரு கோடையில், உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வளவையும் அடைக்க முடிவெடுத்தார்கள். முள்ளுக் கம்பியும் கதியால் தடிகளும் வந்து இறங்கின. முன்னுக்கு நின்றவர் என் பெரியப்பா.

ஞானத்துக்கு அப்போது பதினைந்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் பிள்ளை. பங்களாவில் விட்டுப்போன பெட்டியிலிருந்து பழைய கடிதத்தாள் ஒன்றையும், கடித உறை ஒன்றில் ஒட்டியிருந்த அமெரிக்க முத்திரையையும் எடுத்தார். முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினார். பேப்பரில் ஜனாதிபதிகளின் படம் வரும் காலம் அது. எந்த ஜனாதிபதி என்று பெயர் எழுதினால் பிடிபட்டுவிடும் என்று அதை எழுதவில்லை. காவல்காரரான தன் அப்பாவுக்கு முகவரியிட்டு, விடியக் காலையில் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

"உங்கட அப்பா தானே போஸ்ற்மாஸ்ரர்" என்றார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முத்திரையின் மூலை கிழிந்திருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற மனிதர். சொந்த அண்ணனுக்கு வந்த பார்சலையும் கையெழுத்து இல்லாமல் கொடுக்காதவர். வீட்டில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. அவரைப் பார்த்துத்தான் நானும் அந்த வேலைக்குப் போனேன், அவரைப் பார்த்துத்தான் பயந்தும் இருந்தேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம் உள்ளூர்ப் பெட்டிக்குள் எப்படி விழும்? ஏற்கெனவே தபால் சீல் குத்திய தழும்பு அந்த முத்திரையில் அரைகுறையாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அண்டைக்குப் பின்னேரம் வேலி அடைக்க எல்லாரும் வந்து நிக்கினம். உங்கட அப்பா சைக்கிளிலை வந்தார். தபால்காரனிட்டைக் குடுக்காமல் தானே கொண்டந்தவர். என்னை ஒருக்காப் பார்த்தார். பொலிசிலை பிடிச்சுக் குடுக்கப்போறார் எண்டுதான் நினைச்சனான்."

என் அப்பா கடித உறையைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் வாசித்தாராம். பிறகு வரிவரியாகத் தமிழில் சொன்னாராம். கடைசியில் தாளை மடிப்பதற்கு முன், அதைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத அந்த வசனத்தையும் வாசித்தாராம். மறுப்பவர்களின் பெயரை எனக்கு உடனே அறிவிக்கவும். சொல்லிவிட்டுப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாராம். கம்பியும் தடிகளும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

"பிறகு என்னோடை ஒரு நாளும் கதைச்சதில்லை. கடிதத்தைக் கையிலை தந்து, பத்திரமா வைச்சிரு எண்டவர். அவ்வளவுதான்."

நான் அழுதேன் என்று நினைக்கவேண்டாம். குசினி யன்னலில் ஒரு வெள்ளைக் கிளி வந்து இருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயதில் தகப்பனை முதன்முதலாகச் சந்தித்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். உண்மை வெளியே வரத்தேவையில்லை, கடிதத்தில் யாருக்கும் மறுக்கவேண்டாம் என்று இருக்கிறதே, அதைக் காட்டியே வேலியை நிற்பாட்டலாம் என்றேன். சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டேன் என்றும் நினைத்தேன்.

ஞானமக்கா டின்னை மூடினார். "இனியும் ஒரு வெள்ளைக்காரியைச் சொல்லித்தான் எங்கட சனம் தண்ணி அள்ள வேணுமோ, தங்கச்சி?"

மெல்பேர்னுக்கு நான் அந்தக் கேள்வியோடுதான் போனேன். மச்சாளின் தங்கை வீட்டுப் புதுமனைக் கொண்டாட்டம் அங்கே. காலையில் குளிர், பத்து மணிக்கு வெயில், பதினொன்றுக்கு மழை, மத்தியானம் மறுபடி வெயில். ஒரே நாளில் எங்கள் ஊரின் ஒரு வருடத்தை அனுபவித்தாகிவிட்டது. விருந்தில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் சாம்பார் பரிமாறிக்கொண்டே, உங்க ஊர்ல அமெரிக்க ஜனாதிபதி பிறந்தாராமே என்று கேட்டார். புரளி எனக்கு முன்னமே கடலைக் கடந்து, அதற்குள் பூட்டியைக் கழற்றிவிட்டு ஜனாதிபதியையே பிறக்க வைத்திருந்தது. வழக்கமாக நான் நிமிர்ந்து உட்கார்ந்து கதையை ஆரம்பிக்கும் இடம் அது. அன்றைக்குச் சாம்பார் போதும் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் டிராமில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், கடற்கரையோடு பாதை முடியும் வரைக்கும் போய்விட்டேன். ஓட்டுநர் வந்து, அம்மா, இனி உலகம் இல்லை என்று சிரித்தார். அங்கே காற்றில் நின்று சிவபாலனுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் எழுத்து வெட்டி முடிந்துவிட்டது என்றார். நாலு தூணும் சீமெந்து போட்டாகிவிட்டது என்றார். பிறகு குரலைத் தணித்து, "அக்கா, உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சதோடை இது இருக்கட்டும்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய வாழ்க்கையில் அவரைப் பெரிய ஆளாக உணரவைத்த ஒரே விசயம் அந்தக் கிணறு. நான் மாட்டேன் என்றேன். உங்கட அப்பாவின் பெயர் கெடும் என்றார். அது கெடாது என்றேன்.

சிட்னிக்குத் திரும்பிய அன்றே டூங்கபிக்குப் போய், கூட்டத்தில் நானே சொல்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றேன். ஞானமக்கா, சொல்லவேண்டியது தன்னுடைய வாய் என்றார். எந்த மாதம் பனி, எந்த மாதம் வெயில் என்று ஊர்க் காலநிலையை விசாரித்தார். பத்து நாள் கழித்து விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். மேகத்துக்கு மேலே காலை வெளிச்சத்தில் கண் மூடி இருந்தவர் திடீரென்று, அந்த வளவில் புளியமரம் நிற்கிறதா என்று கேட்டார். தறித்துவிட்டார்கள் என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குக் கிணற்றடியில் நடந்தது. கதிரைகளில் எங்கள் பக்கத்து ஆட்கள். கிணற்றுக்கட்டைச் சுற்றி, குடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய ஆட்கள். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு ஞானமக்கா ஸ்டேஷன் குரலில், அவசரமில்லாமல் சொன்னார். கடிதம் நான் எழுதினது. எங்களுக்குத் தண்ணி வேண்டும் என்று எழுதினது. கடைசி வசனம் போஸ்ற்மாஸ்ரர் சேர்த்தது.

கதிரைகளில் சிலர் எழும்பிப் போனார்கள். பெரியப்பாவின் மகன், என் ஒன்றுவிட்ட அண்ணன், போகும்போது என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. சிவபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கிணற்றடியிலிருந்து ராசம்மா என்ற பெண், ஞானமக்காவின் பள்ளித் தோழி, இருந்த இடத்தில் இருந்தே சொன்னார்:

"எங்கட பக்கத்திலை இது தெரியாத ஆக்கள் ஆர், ஞானம்? உன்ரை எழுத்து எங்களுக்குத் தெரியாதோ?"

அறுபது வருடத்துக்குக் கிட்ட, பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஜனாதிபதியின் உறவுக்காரர் என்று நிமிர்ந்து நடந்த நாங்கள் மட்டும்தான் நம்பியிருந்தோம். ராசம்மா வாளியை இறக்கினார். கப்பி கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்தில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

வேலி வரவில்லை. ஞானமக்கா ஒன்றரை மாதம் ராசம்மா வீட்டில் தங்கிவிட்டு டூங்கபிக்குத் திரும்பினார்.

போன கிழமை ஓட்டோவில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். ஓட்டுநர் எங்கள் பக்கத்து ஆள்தான், நாற்பது வயதிருக்கும், என்னை அடையாளம் தெரியவில்லை. கிணற்றைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, இதன் கதை தெரியுமோ என்று கேட்டார். பதினைந்து வயதுப் பெட்டை ஒருத்தி இந்தத் தண்ணீருக்காக அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினவளாம், அவர் தன் கையால் பதில் எழுதி, அவுஸ்திரேலியாவில் வேலையும் எடுத்துக் கொடுத்தாராம்.

அப்படி இல்லை, அந்தக் கடிதத்தை நானே கையில் பிடித்து வாசித்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்குள்ளால் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அன்ரி, நீங்கள் பார்த்தது கொப்பி. ஒறிஜினல் வோஷிங்டனிலை இருக்கு" என்றவர், ஹோர்னை ஒருமுறை அடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "லேசுப்பட்ட ஆளில்லை. எங்கட ஊர்ப் பிள்ளை எல்லோ."

அந்தக் கிணற்றடிக் குடும்பங்களில் ஒருவரை எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் எங்கட ஊர்ப் பிள்ளை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மிச்சத்தை நான் திருத்தவில்லை.